காளான் கொலையாளி என்று எழுதியவள்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, செக் நாட்டின் கர்வினா ஊரில் மூடிப்போன சுரங்கத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில், லியோபோல்ட் தன் தங்கையின் புருஷனை அடித்துக் கொன்றான். முதல் அடி பியர்க் குவளையால். குவளை உடைந்து கைப்பிடி மட்டும் மிஞ்சியதும் அதை வீசிவிட்டு, கணப்படுப்பின் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தான். கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. எழுந்து வர நேரமே இருக்கவில்லை என்று பிறகு எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

இவோனா போய்ச் சேர்ந்தபோது அடிபட்ட ரடோவானை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. தரையில் ரத்தமும் இறைச்சிக் குழம்பும் கலந்து, யாரோ வழுக்கி விழுந்த தடமும் தெரிந்தது. 'ஹால்டா' செய்தித் தளத்தில் பதினான்கு வருடமாகக் குற்றச் செய்தி எழுதுகிறவள் அவள். ரத்தத்தைப் பார்த்தால் எண்ணிக்கையும் நேரமும் குறித்துக்கொள்ளத்தான் கை போகும். அன்றைக்கும் அப்படித்தான் போனது. போலீஸ் வண்டியின் பின்சீட்டில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேனா நின்றது.

அவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். மார்ச் மாதம் அவனைப் பற்றி எழுதியவளே அவள்தான்.

சுரங்கத்தில் மீத்தேன் வெடித்தபோது, செத்துப்போன இரண்டு தோழர்களுக்கு நடுவே பத்தொன்பது மணி நேரம் இருட்டில் கிடந்து உயிரோடு வந்தவன் லியோபோல்ட். அதற்குப் பிறகு நாலு வருடம் கட்டிலை விட்டு எழவில்லை. மாத்திரைகள் ஒன்றும் கேட்கவில்லை. சட்டம் அனுமதி கொடுத்ததும், காளானிலிருந்து எடுக்கும் சைலோசிபின் மருந்தை வைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனை ஒன்றை டாக்டர் ஸ்வாதவா அந்த ஊரில் தொடங்கினாள். லியோபோல்ட் அங்கே போனான், எழுந்தான், நடந்தான். இவோனா எழுதினாள்: "ஒரே ஒரு மதியம்! காளான் மீட்டுக் கொடுத்த சுரங்கத் தொழிலாளி." கூடவே ஒரு படம். மருத்துவமனைத் தோட்டத்தில் லியோபோல்டும், அங்கே சிகிச்சை பெற்றுவந்த ஹினெக் என்ற டிராம் ஓட்டுநரும் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற படம். மூன்று லட்சம் பேர் படித்தார்கள். இலையுதிர் காலம் வந்ததும் ஜனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு பெஸ்கிடி காடுகளுக்குள் போய் சமையல் காளானை விட்டுக் 'குணமாக்கும்' காளானைத் தேடினார்கள். பள்ளிக்கூடச் சமையல்காரி ஒருத்தி எதையோ பறித்துத் தின்று ஈரல் கெட்டுப் படுத்தாள். அந்தச் செய்தியையும் இவோனாதான் எழுதினாள், எட்டு வரியில். தன் கட்டுரைக்கும் அதற்கும் முடிச்சுப் போட அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

போலீஸ் கேப்டன் அவளுக்குப் பழக்கம். வாசலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

"அவன் குடிக்கல. ஊதச் சொன்னோம், சுத்தமா பூஜ்யம். தங்கச்சி பிளாஷெனா ஆஸ்பத்திரியில கிடக்கா, தாடை ரெண்டு இடத்துல ஒடிஞ்சிருக்கு. காலையில புருஷன் பண்ணின வேலை. இவன் போய்ப் பாத்துட்டு நேரா இங்க வந்திருக்கான்."

"வந்ததும் அடிச்சானா?"

"இல்ல. 'வெளிய வா மாப்ளே, பேசணும்'னு கூப்பிட்டிருக்கான். அந்தப் பய சிரிச்சுட்டு, 'உன் தங்கச்சி மூஞ்சி ஏற்கெனவே கோணல்தான், நான் நேராக்கிவிட்டேன்'னு சொல்லியிருக்கான். அப்புறம் நடந்ததுதான் தரையில கிடக்கே."

இவோனா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிளாஷெனாவால் வாயைத் திறக்க முடியாது என்று நர்ஸ் சொன்னாள். சரி என்று வார்டுக் கதவை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். காரில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் செய்தியை எழுதி அனுப்பினாள். பொண்டாட்டியின் தாடையை உடைத்தவனை மச்சான் அடித்துக் கொன்றான் என்பதுதான் அதன் சாரம். அனுப்பி ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் தாலிபோர் கூப்பிட்டார்.

"இவோனா, நீ என்ன பைத்தியமா? குடும்பச் சண்டைன்னு எழுதியிருக்கே!"

"குடும்பச் சண்டைதானே, தாலிபோர்?"

"இவன் யாரு? நீ மார்ச்சுல தலையில தூக்கி வச்சு ஆடின ஆளு. காளான் தின்னு குணமானவன் கம்பியால ஒருத்தன் மண்டையைப் பொளந்திருக்கான். அதை விட்டுட்டுத் தாடையாம் தாடை! பொண்டாட்டி தாடையை உடைக்கிறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான்."

"மருந்து குடுத்து எட்டு மாசம் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் சொல்லலையே."

"சம்பந்தம் இல்லைன்னு யாராச்சும் சொன்னாங்களா? இல்லைல்ல? அப்ப கேள்விக்குறி போட்டு எழுது. இன்னும் அரை மணி நேரத்துல ப்ராக் டிவிக்காரங்க கண்டுபிடிச்சுடுவாங்க, அவனைப் பத்தி முதல்ல எழுதினது நீதான்னு. அப்புறம் அவங்க உன்னைப் பத்தி எழுதுவாங்க. எது வேணும், நீயே முடிவு பண்ணிக்க."

அந்தக் கடைசி வார்த்தை அவளைத் தைத்தது. மறுபடி எழுதினாள். தாடை உடைந்த விஷயத்தை ஆறாவது பத்தியில் வைத்தாள். தாலிபோர் ஐந்தாவது பத்தியோடு வெட்டிவிட்டார். தலைப்பில் கேள்விக்குறி கூட நிற்கவில்லை. "காளான் கொலையாளி." கீழே சின்ன எழுத்தில்: "எட்டு மாதத்துக்கு முன் 'குணமானவன்' மச்சானை அடித்தே கொன்றான்." அதற்கும் கீழே அவள் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நாடு முழுக்க அதுதான் பேச்சு. ப்ராக் தொலைக்காட்சிகள் ஹால்டாவை மேற்கோள் காட்டின. திங்கட்கிழமை காலை ஹால்டா அந்தத் தொலைக்காட்சிகளை மேற்கோள் காட்டியது. லியோபோல்டை ஒருநாளும் பார்த்திராத மனநல நிபுணர் ஒருவர், மூளையில் என்ன நடந்திருக்கும் என்று படம் போட்டு விளக்கினார். மார்ச் மாதக் கட்டுரையின் படமும் திரும்பத் திரும்ப வந்தது. லியோபோல்டின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், வட்டமில்லாமல், ஹினெக்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவமனை வாசலில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். இவோனாவை நேரலை எடுக்க அனுப்பியிருந்தார் தாலிபோர். கூட்டத்தின் முன்னால் நின்றவன் ஸ்பிஷெக். அவனும் பழைய சுரங்கத் தொழிலாளி. வெடிப்பில் செத்த இரண்டு பேரில் ஒருவன் அவனுடைய தம்பி. லியோபோல்ட் மட்டும் உயிரோடு வந்ததை அவனால் அன்றிலிருந்தே செரித்துக்கொள்ள முடியவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"இங்கிருந்து நூறு மீட்டர்ல ஸ்கூல் இருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள். "நாளைக்கு எவன் கம்பியைத் தூக்கிட்டு வருவான்னு யாருக்குத் தெரியும்?"

"கொளுத்துங்கடா!"

முதல் கல் வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்தது. டிராம் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருந்த சரளைக்கல், முஷ்டி அளவு இருக்கும். அடுத்தது பெயர்ப்பலகையில் பட்டது. அப்புறம் எண்ண முடியவில்லை. சன்னல் சட்டம் ஒன்று அப்படியே பெயர்ந்து உள்ளே விழ, உள்ளே யாரோ அலறினார்கள்.

டாக்டர் ஸ்வாதவா வாசலுக்கு வந்தாள். அறுபது வயது, ஒல்லியான உடம்பு, கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, "உள்ள நோயாளிங்க இருக்காங்க. தயவு பண்ணி…" என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை. கல் நெற்றியில் பட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் கண்ணை மறைத்தது. கூட்டம் முன்னைவிட இரண்டு பங்கு சத்தம் போட்டது.

இவோனா போனைப் பையில் போட்டுவிட்டுக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். ஏன் போனாள் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடிந்ததில்லை. கால் தன்பாட்டுக்குப் போனது.

"நிறுத்துங்க! காளானுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல! லியோபோல்டோட தங்கச்சி தாடையை உடைச்சுட்டான் ரடோவான். அதுக்காகத்தான் அடிச்சான்! போலீஸ்கிட்டயே கேளுங்க!"

ஸ்பிஷெக் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரும்மா நீ?"

"நான் ஹால்டா நிருபர். எனக்குத் தெரியும். நானே விசாரிச்சேன்."

"ஹால்டாவா?" அவன் போனை எடுத்து, கட்டைவிரலால் தள்ளி, உரக்கப் படித்தான். "'குணமாகிவிட்டதாகக் கொண்டாடப்பட்ட அந்த மனிதனுக்குள் மருந்து எதை எழுப்பிவிட்டது என்று ஊர் நடுங்குகிறது.' இதுவும் ஹால்டாதான். எழுதினவ பேரு இவோனாவாம். யாரு, உன் அக்காவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான். நான் எழுதினது தப்பு."

"அப்ப சனிக்கிழமை பொய் சொன்னியா, இல்ல இன்னிக்குப் பொய் சொல்றியா? டாக்டர் எவ்வளவு குடுத்தா உனக்கு?"

அதற்குள் உள்ளேயிருந்து ஒருவன் வெளியே ஓடிவந்து, டாக்டரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஹினெக். டிராம் ஓட்டுநர் சீருடையிலேயே இருந்தான். வேலைக்குப் போகும் முன் டாக்டரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போக வந்திருந்தான்.

"டேய், இவனும் அந்த போட்டோவுல இருக்கான்டா!"

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எட்டோ பத்தோ பேர் படியேறிப் போய் அவனை இழுத்துக் கீழே போட்டார்கள். ஹினெக் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. முழங்காலை மடக்கி, தலையைக் கைக்குள் வைத்துக்கொண்டான். பூட்ஸ் காலால் கையைத்தான் முதலில் உதைத்தார்கள். கை விலகியதும் முகத்தை. "காளான்காரன்! காளான்காரன்!" என்று உதைக்கு ஒரு தடவை சொல்லிச் சொல்லி உதைத்தார்கள். அவர்களில் ஒருத்தன் அவனுடைய டிராமில் தினம் காலையில் ஏறுகிறவன். அது விசாரணையில் தெரிந்தது.

இவோனா குனிந்து ஹினெக்கின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். யாரோ அவள் கையைத் தரையோடு வைத்து மிதித்தார்கள். இரண்டு விரல்கள் உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் அவன்மேல் கவிழ்ந்து விழுந்தாள். முதுகில் இரண்டு உதை விழுந்தது. போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எழுந்து பார்த்தபோது ஹினெக்கின் இடது கண் இருந்த இடம் பார்க்கும்படியாக இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கும் டாக்டருக்கும் ஒரே அறையில் கட்டுப்போட்டார்கள். டாக்டரின் நெற்றியில் ஏழு தையல். நர்ஸ் வெளியே போனதும் இவோனா, "டாக்டர், நான் சனிக்கிழமை எழுதினது…" என்று இழுத்தாள்.

"அதை விடுங்க," என்றாள் ஸ்வாதவா. குரலில் கோபமே இல்லை. அதுதான் இவோனாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "அது உங்க பிழைப்பு. பயமுறுத்தினா விக்கும். எனக்கு ஆத்திரம் உங்க முதல் கட்டுரை மேலதான்."

"அது உங்களைப் பாராட்டித்தானே எழுதினேன்?"

"ஒரே ஒரு மதியம்னு எழுதினீங்க. மருந்துக்கு முன்னாடி ஆறு வாரம் அவன்கிட்ட பேசினேன். அதுக்கப்புறம் எட்டு மாசமா வாராவாரம் பேசிட்டிருந்தேன். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு உங்ககிட்டயே சொன்னேன், நீங்க எழுதிக்கிட்டீங்க. கட்டுரையில வரல. மந்திரம்னு சொல்லி வித்தீங்க. மந்திரம்னு நம்பினவங்கதான் இப்ப பில்லி சூனியம்னு நம்பிட்டுக் கல்லெறியறாங்க. ரெண்டும் ஒரே ஆளுங்கதான்மா."

இவோனாவுக்கு மார்ச் மாதக் குறிப்புப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அது இன்னும் அவள் மேஜையில்தான் இருந்தது. 'இரண்டு வருடம்' என்று அடிக்கோடு போட்டுத்தான் எழுதியிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றாள். தாலிபோர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவள் விரலைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார்.

"திருத்தம் போட என்ன இருக்கு? ஒரு வரி பொய் காட்டு. அவன் காளான் சாப்பிட்டானா? சாப்பிட்டான். கொன்னானா? கொன்னான்."

"சேர்த்து வச்சதுதான் பொய்."

"அதைச் சேர்த்து வச்சது படிக்கிறவன்."

"ஒருத்தனுக்குக் கண்ணு போயிடுச்சு, தாலிபோர்."

"அதுக்குத்தான் சொல்றேன், அதை எழுது. 'கும்பலின் நடுவே நம் நிருபர்.' உன் படம், உன் கை, எல்லாம் போடலாம்."

அவள் எழுந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். ஹினெக்கை உதைத்தவர்களில் ஐந்து பேரை அடையாளம் சொன்னாள். டாக்டர்மேல் கல்லெறிந்தது ஸ்பிஷெக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செய்தியாளர் சாட்சி சொல்லப் போனால் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று தாலிபோர் அன்று சாயந்திரமே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அந்த வாரத்தில் அவள் காரின் நாலு கண்ணாடியையும் உடைத்தார்கள். அடுத்த வாரம் காரே எரிந்தது. கடையில் ரொட்டி வாங்க நின்றபோது, ஸ்பிஷெக்கின் பொண்டாட்டி வரிசையில் எல்லோரும் பார்க்க அவள் முகத்தில் துப்பினாள். "அவர் தம்பியைப் புதைச்ச கை அது. அந்தக் கைக்கு விலங்கு மாட்ட வச்சுட்டியே, நாயே!" இவோனா துடைத்துக்கொண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

லியோபோல்டின் வழக்கு அடுத்த ஜூனில் ஒஸ்ட்ராவா நீதிமன்றத்தில் வந்தது. மருந்து காரணமில்லை என்று அரசுத் தரப்பு மருத்துவர்களே மூன்று பேர் சொன்னார்கள். நீதிபதியும் குறித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது லியோபோல்ட் எழுந்தான்.

"நாலு வருஷம் நான் கட்டில்ல கிடந்தேன். பக்கத்து வீட்டுலதான் தங்கச்சி. அவ அடி வாங்குற சத்தம் சுவரு வழியா கேக்கும். எனக்கு எழுந்திரிக்க முடியல. தலகாணியை எடுத்துக் காதுல வச்சுக்குவேன். அப்புறம் குணமாச்சு. எழுந்தேன். ரெண்டு தடவை போலீசுக்குச் சொன்னேன், வந்து பேசிட்டுப் போனாங்க. மூணாவது தடவை அவ தாடை ஒடிஞ்சுது. நான் படுத்தே கிடந்திருந்தா ரடோவான் இன்னிக்கு உசுரோட இருப்பான். அவன் செத்ததுக்கு நான்தான் காரணம். டாக்டர் இல்ல, மருந்து இல்ல. எழுந்து நின்னதுக்காக மட்டும் நான் வருத்தப்பட மாட்டேன்."

முன்வரிசையில் இவோனாவின் பழைய இடத்தில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் ஹால்டாவில் வந்துவிட்டது: "'காளான்தான் என்னை எழுப்பியது': கொலையாளி வாக்குமூலம்." இவோனா அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ச் சண்டை போடவில்லை. அந்த இடத்தில் தானே இருந்திருந்தாலும் அந்த வரியைத்தான் எடுத்திருப்போம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு வருடம் தீர்ப்பானது. நடைபாதையில் பிளாஷெனா நின்றுகொண்டிருந்தாள். தாடை சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. இவோனா அருகே போய்த் தன் பெயரைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் கசிந்தது. காவலர் ஓடிவந்தார். இவோனா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தியே," என்றாள் பிளாஷெனா. ஒவ்வொரு சொல்லும் பல்லுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு வாய்தான் திறக்க முடியல. கை இருந்துச்சே! ஒரு பேனா, ஒரு காகிதம் குடுத்திருந்தா எழுதியிருப்பேனே! கதவைப் படம் எடுத்துட்டுப் போனியாம். கதவாடி அடி வாங்குச்சு?"

"இப்ப சொல்லுங்க. கேக்குறேன்."

பிளாஷெனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்றபடி, மூச்சுவிடாமல், பன்னிரண்டு வருடக் கதையைச் சொன்னாள். முதல் அடி கல்யாணமான மூன்றாம் மாதம், எரிந்துபோன கோழிக்காக. இரண்டு கருக்கலைவு. கடைசிக் காலையில் மேஜைமேல் வைத்து அவள் முகத்தை இடித்ததும், தாடை உடைந்த பிறகு அவன் சாவகாசமாக முகம் மழித்துக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்பியதும். இவோனா உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டாள்.

"முடிஞ்சுது," என்றாள் பிளாஷெனா. "இதுல ஒரு எழுத்து எங்கயாவது வந்துச்சுன்னா மீதி விரலையும் ஒடிச்சிருவேன். உங்க வாயில போன எங்க அண்ணன் போதும்."

இவோனா எழுதவில்லை. ஸ்வாதவா மருத்துவமனையைப் பூட்டிவிட்டுப் பிர்னோ நகரத்துக்குப் போய் அங்கே சிகிச்சையைத் தொடர்ந்தாள். காத்திருப்போர் பட்டியலில் இருந்த நாற்பத்தாறு பேரில் ஏழு பேர்தான் அவ்வளவு தூரம் போனார்கள். மற்றவர்களை வீட்டார் போக விடவில்லை. செய்தியைப் பார்த்தவர்கள் அல்லவா. ஸ்பிஷெக்குக்குச் சிறை கிடைக்கவில்லை. எச்சரித்து, தண்டனையை நிறுத்திவைத்து அனுப்பினார்கள். ஒற்றைக் கண்ணோடு டிராம் ஓட்ட முடியாது என்று ஹினெக்கைப் பணிமனையில் சக்கரத்துக்கு எண்ணெய் போடும் வேலைக்கு மாற்றினார்கள்.

இவோனா வாரம் ஒரு தடவை பிறகு வாங்கிய ஒரு பழைய காரில் அவனை ஏற்றிக்கொண்டு பிர்னோவில் டாக்டரிடம் போய் வருகிறாள். இரண்டு மணி நேரப் பயணம். அவன் அவளை மன்னித்துவிட்டதாகச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. போகும்போது அவன் வானொலியைப் போடச் சொல்லுவான். செய்தி நேரம் வந்தால் மட்டும், அவனே கை நீட்டி அணைத்துவிடுவான்.